தரையைப் பெயர்த்துக்கொண்டு போனவர்

அன்று எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில், கொப்பரைக் கிடங்கை வீடாக்கிய அந்த விசாலமான மாடியில் இருந்தவர்கள் நான், என் மனைவி, அதை எங்களுக்கு விற்ற கான்ட்ராக்டர், அவருடைய தச்சர். கான்ட்ராக்டர் கறுத்த, கனத்த ஆள். எந்த மரத்தைக் கண்டாலும் விரலால் தட்டிப் பார்ப்பார். “அசல் படாக் மரம் தம்பி!” என்று தரையைத் தட்டிக் காட்டித்தான் விற்றார். நாங்கள் சாமான்களோடு ஏறியபோது தரைப் பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன அண்ணாச்சி, அநியாயமா இருக்கு?”

“அரே தம்பி, வீட்டைத்தானே வித்தேன்? பலகை மெயின்லேண்டு போகுது, மக கல்யாணக் கட்டிலுக்கு.”

“நாங்க எங்க நடக்குறது?” என்றாள் மனைவி.

“உத்திரம் இருக்குல்லம்மா. வீட்டு விலைல பாக்கியைக் கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி குடுத்துடுங்க.”

நான் கொடுக்கவில்லை; அவர் பலகையோடு கப்பலேறிவிட்டார். அவருக்கு அது தப்பாகவே தோன்றவில்லையே, அதுதான் ஆறவில்லை. மெயின்லேண்டு கப்பல் வரும்போதெல்லாம் வந்து நிற்பாரோ என்று வாசலை எட்டிப் பார்க்கிறேன். அவர் கணக்கில் நான்தான் கடன்காரன், முந்நூறு ரூபாய்க்கு.