மைக்கில் நான் சேர்த்த ஒரு வரி

நான் பிளஸ் டூ முடித்த வருடம் சூலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் காலரா பரவியது. குடும்பத்திலேயே முதலில் படித்தவள் என்ற பெருமையோடு பஞ்சாயத்தின் அறிவிப்பு ஆட்டோவில் ஏறி மைக் பிடித்தேன். எழுதிக் கொடுத்தது, "தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" மட்டும்தான். "சரசக்கா கடையில் இட்லி வாங்காதீர்கள்" என்பதை, அங்கே ஈ மொய்க்கிறதே என்று நானாகச் சேர்த்தேன்.

நோய் அடங்கியது. குழாயில் சாக்கடை கலந்ததுதான் காரணம் என்றார்கள். ஊரில் கல்யாணம்கூட நடந்தது. அக்கா கடைக்கு மட்டும் யாரும் போகவில்லை.

மறுபடி மைக் கேட்டேன். "சீக்கு போனதுக்கெல்லாம் ஆட்டோ உட மாட்டாங்க அம்மணி" என்று சிரித்தார் பஞ்சாயத்து கிளார்க்.

வீடு வீடாகப் போய், நான் சொன்னது தப்பு என்றேன்.

"படிச்ச புள்ள நீயி. அன்னைக்குச் சொன்னது சரியாத்தான் இருக்கும் கண்ணு" என்றார்கள்.

அக்கா அடுப்பை இடித்துப்போட்டு, விசைத்தறிக்கு வேலைக்குப் போய்விட்டார். என் படிப்புக்குக் கிடைத்த அந்த மரியாதை இன்றும் எனக்குக் கசக்கிறது.