கோடு மட்டும் போட்ட போல்ட்டுகள்

இதையெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை. மார்த்தாண்டத்துக்காரன், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன், பத்து வருஷம் கல்ஃபில் இரும்போடு மல்லுக்கட்டியவன். யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது வேலை ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்றாலைகளில். காற்று சீசனுக்கு முன்னால் ஒவ்வொரு டவருக்குள்ளும் ஏணியில் ஏறி, வளையமாக நிற்கிற போல்ட்டுகளை முடுக்க வேண்டும். ரெஞ்ச் 'டக்'கென்று சொன்னால் இறுக்கம் சரி. உடனே நட்டின் மேலிருந்து அடியில் உள்ள இரும்பு வரைக்கும் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. பிறகு நட்டு திரும்பினால் கோடு ஒடிந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு இருந்தால் பார்த்தாயிற்று என்று அர்த்தம், அந்தப் பருவம் முழுக்க வேறு யாரும் அதில் ரெஞ்ச் வைக்க மாட்டார்கள்.

சில வருஷம் முன்னால் இது நடந்த அன்றைக்கு ஏறியது அந்த வாரத்தின் நான்காவது டவர். அதன் அடியில் வாழைத்தோட்டத்தில் குடிசை போட்டிருக்கிற பெண் எங்களுக்கு மோர் கொடுத்தாள்.

"அண்ணே, ஆடிக்காத்துல இது ஆடுகதப் பாத்தா பிள்ளையளக் கெட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கோம். விழாதுல்லா?"

"விழாதும்மா. நாங்க பின்ன எதுக்கு இருக்கோம்?" என்றேன்.

கூட்டாளி ராஜன் கிரீஸ் வைக்க உச்சி அறைக்குப் போய்விட்டான். நான் நடு மேடையில் நின்றேன். நூற்றுச் சொச்சம் போல்ட், உள்ளே அடுப்படிச் சூடு. பத்துப் பன்னிரண்டு முடுக்குவதற்குள் தோள் கழன்றுவிட்டது, முட்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, எல்லாம் இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று மனசும் சேர்ந்துகொண்டது. மறைப்பானேன், மிச்சத்துக்கெல்லாம் ரெஞ்ச் வைக்காமலே கோடு மட்டும் போட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அசதி அதைவிட அதிகமாக இருந்தது.

மேலே போய் ராஜன் பக்கத்தில் உட்கார்ந்து ரெஞ்சைக் கீழே வைத்தேன். அப்போதுதான் கீழிருந்து 'டக்'.

வெயிலில் டவர் இரும்பு முனகும், அது எனக்கு அத்துப்படி. இது அது இல்லை. ஒரு போல்ட்டிலிருந்து அடுத்ததற்கு நகர்கிற நேரம் விட்டு, நிதானமாக மறுபடி 'டக்'.

"யாருவே கீழ ரெஞ்சு பிடிக்கான்?" என்றான் ராஜன்.

"யாரு வருவா? ஆடு நுழையும்னு உள்ள கொண்டி போட்டுட்டுல்லா ஏறினோம்."

"ஒம்ம ரெஞ்சு எங்க?"

அது என் காலடியில் கிடந்தது. எங்களிடம் இருப்பதே அது ஒன்றுதான். மொத்தம் ஆறு தடவை கேட்டது, பிறகு நின்றுவிட்டது.

இறங்கினோம். நடு மேடையில் யாரும் இல்லை. நான் ஏமாற்றிவிட்டு வந்த பக்கத்தில் அடுத்தடுத்து ஆறு நட்டுகளில் என் வெள்ளைக் கோடு ஒடிந்து கிடந்தது. கால் சுற்று முடுக்கியிருந்தது. அதன் மேல் நேராகப் புதிதாக ஒரு மஞ்சள் கோடு. தொட்டேன், விரலில் ஒட்டியது. நம்பினால் நம்புங்கள், எங்களிடம் மஞ்சள் பேனாவே கிடையாது.

"எதுக்குவே ரெண்டு கலர்ல கோடு போட்டீரு?" என்று ராஜன் கேட்டான்.

ஆறும் தளர்ந்துதான் கிடந்திருக்கின்றன. அதன் மேல் கோட்டைப் போட்டு அந்தக் குடிசையின் தலைமேல் நான் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன், அழுதுகொண்டே எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அவன் திட்டவில்லை, தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

ஏழாவது நட்டில் என் வெள்ளைக் கோடு ஒடியாமல் இருந்தது. ரெஞ்ச் வைத்தேன், கால் சுற்று ஓடியது. அதை மட்டும் யாரோ எனக்கென்று விட்டு வைத்த மாதிரி. அதை முடுக்கிவிட்டு மிச்சத்தையும் ஒன்று விடாமல் முடுக்கினேன், வேறு எதுவும் தளரவில்லை. கடைசியில் அடிக்கு வந்து பார்த்தால் கதவில் நாங்கள் போட்ட கொண்டி போட்டபடியே இருந்தது.

அந்த ஏழாவது போல்ட் அடுத்த வருஷமும் தளர்ந்திருந்தது, கழற்றிவிட்டுப் புதிது போட்டோம். வயசாகிறதே, இனி இந்த டவருக்கு வேறு ஆளை அனுப்புகிறோம் என்று ஆபீசில் சொல்லிப் பார்த்தார்கள். முட்டி இருக்கிற வரைக்கும் நானே ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால் வேறு ஆளுக்கும் அசதி வரும், போன வருஷக் கோடு ஒடியாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு ரெஞ்ச் வைக்காமலே இறங்கிவிடுவான். புது போல்ட்டிலும் ஒவ்வொரு வருஷமும் நான் போட்ட கோடு மயிரிழை விலகாமல் நேராகத்தான் இருக்கும். ரெஞ்ச் வைத்தால் கால் சுற்று ஓடும்.