கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள்

இன்று காலை திருவொற்றியூரில் பஸ் ஏறினேன். அடுத்த வாரம் எங்கள் ஆபீஸில் எல்லோரும் ஒரு கடற்கரை ரிசார்ட்டுக்குப் போகிறோம். அங்கே என்னென்ன செய்யலாம் என்று போனில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பக்கத்தில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தார். படத்தில், மணலில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். அத்தனை பேரும் கடலையே பார்த்தபடி.

"யாரு வர்ல, பாப்பா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அல்லாரும் கடலையே பாத்துகினு குந்திகினு கீறாங்களே. கடலுக்கு போன எந்த போட்டு திரும்பல?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. சும்மா ஜாலிக்கு உக்காந்திருக்காங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரு போன போட்டு வர்ல. கடலோர கல்லு மேல பதினோரு நாளு குந்திகினு இருந்தேன். அப்பால குப்பத்து சனங்களே எழுப்பி வூட்டுக்கு இட்டுனு பூட்டாங்க."

காசிமேட்டில் கூடையைத் தூக்கிக்கொண்டு, மீன் ஏலம் எடுக்க இறங்கிவிட்டார்.

ரிசார்ட் பட்டியலின் முதல் வரி: 'ஒன்றுமே செய்யாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருங்கள்.'

அங்கே நாற்காலியைக் கடலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொள்ள விடுவார்களா? போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.