ஆடிக் கடைசி வெள்ளியில் நடந்த ஆய்வு

சாத்தூர் தாலுகா நிருபராக இருந்த இருபத்திரண்டு வருடங்களில் வெள்ளைத்துரை அறுபதுக்கும் மேற்பட்ட வெடிவிபத்துகளை எழுதியிருந்தார். ஒரே செய்தியை அறுபது தடவை எழுதினார் என்றாலும் தப்பில்லை. மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டது, அறை தரைமட்டமானது, போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு, போலீசார் விசாரித்து வருகின்றனர். ஊரையும் பெயர்களையும் மாற்றினால் போதும். அவர் போன் செய்தாலே பத்திரிகையின் மதுரை அலுவலகத்தில் முதலில் கேட்பது எத்தனை பேர் என்பதுதான்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு நாலு வருடம் அவரும் பட்டாசு ஆலையில் திரி வெட்டியவர். இடது முழங்கையில் தோல் இன்னும் சுருங்கித்தான் இருக்கும். அதற்கப்புறம் சைக்கிளில் பேப்பர் போட்டு, ஏஜெண்டாகி, ஒருநாள் நிருபர் வராத விபத்துக்குப் போய் எழுதிக் கொடுத்து அப்படியே நிருபரானார்.

ஒரு விபத்தில் மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். "போன வருசமும் விசாரிக்கிறாகன்னுதான் எழுதியிருந்தீக. விசாரிச்சு என்ன கண்டுபிடிச்சாக?"

 இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வி தனக்கே தோன்றவில்லை என்பதுதான் வெள்ளைத்துரையைக் குடைந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். சுற்றியுள்ள ஆலைகளின் பாதுகாப்பு ஆய்வு அறிக்கைகளைக் கேட்டார். தர முடியாது என்றார்கள். மேல்முறையீடு செய்தார். பதினான்கு மாதம் கழித்துப் பதினோரு அறிக்கைகள் தபாலில் வந்தன.

பதினொன்றும் வரிக்கு வரி ஒன்று. தீயை அணைக்க வைத்திருக்கும் மணல் வாளியைப் பதினோரு அறிக்கைகளிலும் 'மணல் வாழி' என்றே எழுதியிருந்தார்கள். ஆலைப் பெயரை மட்டும் மாற்றி அடித்தது அப்பட்டமாகத் தெரிந்தது. சீனிவாசகம் என்பவரின் ஆலைக்குரிய அறிக்கையில் தேதியும் இடித்தது. அது ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் திருவிழா. அன்று அந்த வட்டாரத்தில் எந்த ஆலையும் திறக்காது. அறிக்கையோ, நாற்பத்திரண்டு தொழிலாளர்கள் பாதுகாப்பான முறையில் வேலை செய்ததை நேரில் பார்த்ததாகச் சொன்னது. ஆய்வு அதிகாரி அலுவலக நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை.

அதே ஆலையில்தான் பக்கத்து வீட்டுக் குருவம்மாளும் அவள் மகள் மாரிசெல்வியும் வேலை பார்த்தார்கள். சீனிவாசகம் லைசென்சை மட்டும் தன் பெயரில் வைத்துக்கொண்டு அறைகளை ஐந்து பேருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்ததை மாரிசெல்விதான் சொன்னாள். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேர். இடம் பற்றாமல் வேப்பமரத்தடியிலும் மருந்து அடைத்தார்கள். பெயர் வராது என்று வெள்ளைத்துரை அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது செய்தியை அனுப்பினார். செய்தி ஆசிரியர் போனில் வந்தார். அருமையான செய்தி, ஆனால் சீசன் நேரம், பட்டாசு விளம்பரம் வந்துகொண்டிருக்கிறது என்றெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் சொன்னார்:

"ஆலை பேரு வேண்டாம் துரை. இப்ப பொதுவா போட்டுக்குவோம். தீபாவளி முடியட்டும், பெருசா பண்ணலாம்."

வெள்ளைத்துரை சரி என்றார். ஒன்றும் வராமல் போவதற்கு இதாவது வரட்டும் என்று நினைத்தார்.

சில ஆலைகளில் விதிமீறல் என்று ஏழாம் பக்கத்தில் நாலு பத்தி வந்தது. எந்த ஆலை என்று இல்லாததால் அதிகாரிகள் எல்லா ஆலைக்கும் ஜீப்பில் போய்ப் பூட்டுப் போட்டார்கள். ஒன்பது நாள் யாருக்கும் வேலை இல்லை. குருவம்மாள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஒங்கள நம்பிச் சொன்னதுக்கு எங்க வயித்துல அடிச்சிட்டீகளேண்ணே. மொதலாளி சாப்பாட்டுல ஒரு பருக்கை கொறஞ்சதா?"

மாரிசெல்வி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் ஆலைகள் திறந்தன. அதிகாரிகள் புதிதாக ஆய்வு செய்து எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக்கொண்டார்கள். விட்ட நாட்களின் ஆர்டரையும் சேர்த்து முடிக்க வேண்டியிருந்ததால் சீனிவாசகத்தின் ஆலையில் அறைக்குப் பதினோரு பேரை உட்கார வைத்தார்கள்.

தீபாவளிக்கு எட்டு நாள் முன்னால், மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் உள்ளே போன நேரத்தில் வெடித்தது. வெள்ளைத்துரை போனபோது மூன்று அறைகள் இருந்த இடத்தில் தகரமும் கல்லும் புகைந்துகொண்டிருந்தன. குருவம்மாள் வெளியே லோடு ஏற்றப் போயிருந்ததால் தப்பியிருந்தாள். வழக்கம்போல மதுரையில் எத்தனை பேர் என்றார்கள். ஏழு என்றார். பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர் மாரிசெல்வியிடம் நின்றுவிட்டார். மறுமுனையில் இருந்தவர் இனிஷியலும் வயதும் கேட்டார். அவர் சொன்னார். பெயர் வராது என்று அவர் கொடுத்த வாக்கு அப்படித்தான் முடிந்தது.

மறுநாள் அவர் நாலு வாரத்துக்கு முன் அனுப்பிய செய்தி முழுதாக முதல் பக்கத்தில் வந்தது. ஆலைப் பெயரும் சீனிவாசகத்தின் பெயரும் இருந்தன. 'அன்றே எச்சரித்தோம்' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. பத்திரிகைக்குப் பல இடங்களிலிருந்து பாராட்டு வந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி வெள்ளைத்துரையையும் கூப்பிட்டார். முன்பே தெரிந்தும் ஏன் ஆலைப் பெயரை எழுதவில்லை என்று கேட்டார். தான் எழுதி அனுப்பியதையும், மதுரையில் வெட்டியதையும், அதற்குத் தான் சம்மதித்ததையும் வெள்ளைத்துரை ஒளிக்காமல் சொன்னார். அந்த வருட முடிவில் அவருடைய அடையாள அட்டையைப் பத்திரிகை புதுப்பிக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. ஆய்வு அதிகாரிக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. சீனிவாசகம் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். போர்மேன் மட்டும் சிறையில் இருந்தார்.

இப்போது வெள்ளைத்துரை தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறார். போன சித்திரையில் குருவம்மாள் நாலைந்து பெண்களோடு அங்கே வந்தாள். மகள் செத்த பிறகு அவள் அவரிடம் பேசியதே இல்லை. விபத்துக்குப் பிறகு சீல் வைத்த சீனிவாசகத்தின் ஆலையை மறுபடி திறக்கச் சொல்லிக் கலெக்டருக்கு மனு வேண்டும் என்றாள். மழை இல்லை, காட்டில் களையெடுக்கும் வேலையும் இல்லை, மற்ற ஆலைகளில் ஆள் எடுப்பதில்லை என்றாள்.

வெள்ளைத்துரை பேனாவை மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்கார வைக்கக்கூடாது என்பதையும் கோரிக்கையாகச் சேர்க்கலாமா என்று கேட்டார்.

"அதெல்லாம் எழுதுனா தெறக்க மாட்டாகண்ணே," என்றாள் குருவம்மாள். "தெறக்கச் சொல்லி மட்டும் எழுதுங்க."

அவர் எழுதினார். பெண்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். போடத் தெரியாதவர்களுக்கு அவரே மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.