இரண்டாவது கோர்ட்டில் நான் சொன்ன பதில்

பிள்ளைகளே, அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவன். சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வழக்கு ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொரு கோர்ட்டுக்கு மாறினால் மனிதனுக்கு என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அமீரகங்கள் ஏழும் ஒரே நாடான கதையை நீங்கள் இங்கே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதில் இது இருக்காது.

எழுபதுகளின் கடைசி. அஜ்மானில் ஒரு கட்டடக் கம்பெனியில் எனக்கு சென்ட்ரிங் பலகை அடிக்கும் வேலை. ரூமில் எட்டுப் பேர். பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் புதுக்கோட்டைப் பக்கம், என் வயசுக்காரன். கொத்தனாருக்குக் கையாளாக வந்தவன். ஊரில் டிராக்டர் ஓட்டியவன்தான், ஆனால் இங்கே அவனுக்கு லைசென்ஸ் கிடையாது.

ஒருநாள் காங்கிரீட் போடும் வேலை. தண்ணீர் லாரி டிரைவருக்குக் காய்ச்சல். எங்கள் தமிழ் ஃபோர்மேன் என் கண் முன்னாலேயே லாரிச் சாவியைப் புதுக்கோட்டைக்காரன் கையில் திணித்தார்.

"நீதான் டிராக்டர் ஓட்டுனவனாச்சே. யல்லா, கெளம்பு, ஒரே நடை."

திரும்பி வரும்போது ஒரு கிடங்குச் சுவரில் மோதிவிட்டான். யாருக்கும் அடி இல்லை. லாரியின் முன்பக்கம் நசுங்கிப் போயிற்று. முதலாளி வந்து சத்தம் போட்டதும் ஃபோர்மேன், "யாரைக் கேட்டு எடுத்தான்னே தெரியலை" என்றுவிட்டார். லாரியைத் திருடிக்கொண்டு போனான் என்று கம்பெனி வழக்குப் போட்டது. தீர்ப்பு எதிராக வந்தால் ஜெயில். ஜாமீனில் ரூமுக்கு வந்துவிட்டான், ஆனால் அவன் பாஸ்போர்ட் கம்பெனி கையில் இருந்தது. அதைக் கேட்டு லேபர் ஆபீசில் தனியாக ஒரு மனு கொடுத்திருந்தான்.

முதலில் வழக்கு நடந்தது அஜ்மானின் சொந்தக் கோர்ட்டில். சாவி கொடுத்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நீதிபதியாக இருந்த காஜி அரபியில் கேட்டார். அதைத் தமிழில் எனக்குச் சொல்ல ஃபோர்மேனே வந்து பக்கத்தில் நின்றார். சைட்டில் இஞ்சினியர் பேசுவதை எங்களுக்குச் சொல்பவர் அவர்தான். டாக்டரிடம் போனாலும் எங்கள் வயிற்று வலியை அவர்தான் எடுத்துச் சொல்வார். அந்தப் பழக்கத்தில், கோர்ட்டிலும் அவர் வந்து நின்றது எட்டுப் பேரில் ஒருவனுக்கும் தப்பாகப் படவில்லை.

"சாவியை யாரு குடுத்தான்னு கேக்குறாரு. பாத்துச் சொல்லு தம்பி."

"கவனிக்கலைண்ணே" என்றேன்.

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். எனக்கு விசா எடுத்துக் கொடுத்தவர் அவர். ஊரில் மூன்று பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயந்துபோனார். நானும் பயந்தேன். எங்கள் இரண்டு பேர் பயமும் அவன் தலையில் விழுந்தது.

அன்றைக்கு ரூமில் சமைக்கும் முறை அவனுடையது. எனக்கும் சேர்த்தே குழம்பு வைத்தான். தட்டை நீட்டியபடி கேட்டான்:

"உப்பு சரியா இருக்கா மாப்ள? இல்ல, அதையும் கவனிக்கலியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் தட்டை வாங்கிக்கொண்டு கட்டில் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

தீர்ப்புக்கு முன்னால் செய்தி வந்தது. அஜ்மான் கோர்ட் இனி நாட்டுக்கே பொதுவான பெடரல் கோர்ட்டாம். பாதியில் நிற்கும் வழக்கெல்லாம் அப்படியே அங்கே போகுமாம்.

"பழைய காஜின்னா நம்ம மூஞ்சி தெரியும்" என்றான் ஒருவன்.

"தெரிஞ்சு என்னத்தக் கிழிச்சாரு?" என்றான் புதுக்கோட்டைக்காரன்.

புதிய ஜட்ஜ் சூடான்காரர். கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, இந்தச் சாட்சி பேசியதை மொழிபெயர்த்தது யார் என்று கேட்டார். வழக்குப் போட்ட கம்பெனியின் ஃபோர்மேன் என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அந்தச் சாட்சியம் செல்லாது, திரும்ப விசாரிக்க வேண்டும் என்றார். பாஸ்போர்ட் மனுவையும் வரவழைத்தார். இரண்டும் ஒரே லாரியிலிருந்து வந்த விவகாரம், இந்த ஆள் எதற்கு இரண்டு வாசல் ஏற வேண்டும், இரண்டையும் இங்கேயே கேட்கிறேன் என்றார். இதெல்லாம் கோர்ட் மொழிபெயர்ப்பாளர் எங்களுக்கு இந்தியில் சொன்னது. அவர் ஹைதராபாத்காரர். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாய், சாபி கிஸ்னே தியா?"

சாவியை யார் கொடுத்தது? அதே கேள்வி. பெஞ்சில் இருந்த ஃபோர்மேனைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை பழைய கோர்ட்டில் இருந்த பார்வை இல்லை. என்னிடம் கெஞ்சுவது போல இருந்தது. அது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

"ஃபோர்மேன் தியா" என்றேன். "மைனே தேகா." நான் பார்த்தேன் என்று சொன்னேன். எழுதி என் முன்னால் வைத்த தாளில் கையெழுத்துப் போட்டேன். தமிழில்தான் போட்டேன்.

அடுத்த தடவை போனபோது திருட்டு வழக்கு தள்ளுபடி ஆயிற்று. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குக் கண்டித்து விட்டார்கள். பாஸ்போர்ட்டை அங்கேயே அவன் கையில் கொடுக்க வைத்தார் ஜட்ஜ். அவன் அதைத் திறந்து தன் போட்டோவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே ஃபோர்மேன் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"என் வேலை போகப் போகுது. தெரியும்ல தம்பி?"

"தெரியும்ண்ணே. பேசாம இருந்தா அவன் உள்ள போயிருப்பான்."

"ஆமா" என்றார். வெயிலில் நடந்து போனார்.

ரூம்காரர்கள் அவனைத் தோளில் கை போட்டு டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். "வா மாப்ள, இன்னைக்கு உப்பு நல்லாவே இருக்கும்" என்று அவன் என்னையும் கூப்பிட்டான். பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் ரூமுக்கு வந்தேன். கம்பெனிக்கு எதிராகச் சொன்னவனை அவர்கள் வைத்துக்கொள்வார்களா என்பது எனக்குத் தெரியாது. கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தேன். கொடியில் கிடந்த லுங்கி, துண்டு எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்தேன். மறுநாள் டியூட்டிக்கு வேண்டிய ஒரு சட்டையை மட்டும் ஆணியில் விட்டுவிட்டு, பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன்.