பக்கத்து வயலில் நின்ற விவசாயி

அரசு ஆவணப்படி அவர் ‘சொந்த நிலத்தில் சொந்த உழைப்பால் பயிர் செய்யும் சிறு விவசாயி’. சொந்த நிலம் என்பது வரைக்கும் உண்மை. மற்றபடி கடைவீதியில் செருப்பு விற்றார். கடைக்குள் வருகிறவரின் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்ப்பார். ‘எட்டு’, ‘ஒன்பது’ என்று அளவைச் சொல்லிவிடுவார். மண்ணைப் பார்த்துச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

அப்பா நிலத்தை மகன் பேருக்கு எழுதிவிட்டு, மண்வெட்டியை மகளிடம் விட்டுப் போனார். உழுவது, விதைப்பது, களை எடுப்பது எல்லாம் தங்கை. உர மானியம், விதை மானியம், வறட்சி நிவாரணம் எல்லாம் அண்ணன் கணக்குக்கு. ஒரு கடும் வறட்சியில் செருப்புக் கடைக்குப் புது மின்விசிறி வந்தது. அண்ணன் கெட்டவர் அல்ல, கேட்டால் கொடுத்திருப்பார். தங்கை கேட்கிற ரகம் அல்ல.

இந்த முறை கேட்க வேண்டியதாயிற்று. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. பாதி விலைக்கு மோட்டார் கொடுக்க ஒரு திட்டம் இருந்தது. சொந்தமாகப் பயிர் செய்யும் நில உரிமையாளரை வயலில் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

“அண்ணே, ஆபீசர் வரும்போது நீ சும்மா நின்னாப் போதும். இந்த வாரம் தண்ணி காட்டலன்னா பயிரு மாட்டுக்குத்தான்.”

“நிக்கறதுல என்ன இருக்கு? கடையில தினமும் அதைத்தானே பண்றேன்.”

நின்றார். பளபளக்கும் ஷூவோடு, இடுப்பில் கை வைத்து, தலைக்கு மேல் வளர்ந்த பயிருக்கு முன்னால். அதிகாரி அண்ணாந்து பார்த்தார்.

“அமோகமா இருக்கே!”

“எல்லாம் உழைப்புதான் சார்.”

“தண்ணி இல்லாமலேயா?”

“பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கறேன் சார். தண்ணியெல்லாம் ஒரு பொருட்டா?”

அதிகாரி பேனாவைத் திறந்தார். மோட்டார் தேவையில்லை என்று அவர் எழுதுவதற்குள் வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணே! அது பக்கத்து வயலு! நம்மது இங்க இருக்கு!”

சுருண்டு காய்ந்த தோகைகளுக்கு நடுவே தங்கை, முழங்கால் வரை புழுதியோடு நின்றாள். அதிகாரி அவளையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்க யாரும்மா?”

தங்கை தயங்கவில்லை. “கூலிக்கு வர்றவ சார். அவருதான் விவசாயி.”

அண்ணன் ‘ஆமாம்’ என்றால் போதும், மோட்டார் வந்துவிடும். எத்தனையோ வருடமாக எழுத்தில் சொல்லி வந்த பொய்தான். அவள் முகத்துக்கு நேரே வாயால் சொல்ல வேண்டி வந்தது இதுதான் முதல் தடவை. அவர் வழக்கம்போல் குனிந்து காலைப் பார்த்தார். அவள் காலில் செருப்பு இல்லை.

“கூலி ஆள் இல்ல சார், என் கூடப் பிறந்தவ. பயிர் பண்றது அவதான். நான் செருப்பு விக்கிறவன்.”

“ஏன் சார் உண்மையைச் சொல்றீங்க?” அதிகாரி உள்ளபடியே வருத்தப்பட்டார். “நீங்க விவசாயி இல்ல, அவங்களுக்கு நிலம் இல்ல. ரெண்டு பேருக்குமே கிடைக்காது.”

“பிழைக்கத் தெரியாத ஆளு!” தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு ‘ஆமா’ சொல்ல வரலையே உனக்கு!”

அந்த வாரமே அவர் முழு விலை கொடுத்து ஒரு மோட்டார் வாங்கிக் கிணற்றில் பொருத்தினார். நிலத்தைத் தங்கை பேருக்கு எழுதிக் கொடுத்தார்.