அப்பாவின் முதுகு

அந்த மருத்துவர் கெட்ட மனிதர் இல்லை என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் தெரியும். என்னை ‘சிஞ்ஞோரீனா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னை முதலில் போக விடுவார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் அப்பாவை அவரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என் கோபம் ஆறாததற்கு அதுதான் காரணம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. இத்தாலியில் பலெர்மோ பல்கலைக்கழகத்தில் உயிரியல் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். நகரத்தின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில் சந்தைக்கு மேலே இரண்டு அறை வீடு எங்களுடையது. அம்மா பணக்காரர்கள் வசிக்கும் லிபெர்த்தாவில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். அப்பா அதே பகுதியில் மாடிக் கட்டிடங்களின் படிக்கட்டுகளைக் கழுவினார். மந்தரீன் தோடம்பழம் பறிக்கிற காலத்தில் சியாகுல்லித் தோட்டங்களுக்கும் போவார்.

பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் ஒரு நாள் கோடைகால ஆய்வுப் பயிற்சி என்று போட்டிருந்தது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில், மருத்துவர் ஒருவரின் ஆய்வுக்கு இரண்டு மாணவர்கள் தேவை. விண்ணப்பித்தேன், கிடைத்தது. அம்மா பெருமையோடு தன் சிஞ்ஞோராவிடம் சொல்லியிருக்கிறார். “அங்கே துடைக்கவா, சாப்பாடு கொடுக்கவா?” என்று சிஞ்ஞோரா கேட்டாராம். “இல்லை, ஆராய்ச்சி செய்ய” என்று அம்மா சொன்னதும், “நல்லது, நல்லது” என்று சிரித்தாராம். அம்மா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆய்வு இதுதான். பழைய போர்களில் காயப்பட்ட வீரர்களின் உடம்பில் இன்னும் உலோகத் துண்டுகள் கிடந்தன. ஐம்பது வருடத்துக்கு மேல் உள்ளே இருந்த அந்தத் துண்டுகள் இடம் மாறியிருக்கின்றனவா, நரம்பை அழுத்துகின்றனவா, வலி தருகின்றனவா என்று பார்க்க வேண்டும். நானும் லிபெர்த்தாவில் வளர்ந்த இன்னொரு மாணவியும் கட்டில் கட்டிலாகப் போய்க் கிழவர்களிடம் வலியைப் பற்றி விசாரிப்போம். பிறகு எக்ஸ்ரே படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டித் துண்டுகளை அளப்போம். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. கிழவர்களையும் பிடித்துப்போனது. கிரேக்க மலையில் தொடையில் அடிபட்ட ஒருவர் இருந்தார். என்னைக் கண்டதும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து தலையை வாரிக்கொள்வார்.

ஒரு நாள் விளக்குப் பெட்டியில் ஒரு படம் மாட்டினேன். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக அரிசி சிந்தியதுபோல இருந்தது. எனக்கு அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது.

அப்பா ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் ஒரு காலை, போத்தலோடு வரிசையில் நின்றபோது பீரங்கிச் செல் விழுந்தது. உயிர் தப்பினார். எடுக்கக்கூடிய பீஸ்களை எடுத்தார்கள். மிச்சத்தைத் தொட்டால் கால் இழுத்துவிடலாம் என்று விட்டுவிட்டார்கள். செல் அடித்ததைவிட அதன் பிறகு வந்ததுதான் அவருக்குப் பெரிய தொல்லை. சோதனைச் சாவடிகளில் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார்கள். முதுகில் காயம் இருந்தால் அவன் போராளி, வேறு கேள்வி இல்லை. கொழும்பில் அப்படிப் பிடித்து வைத்திருந்தார்கள். நான் இல்லை, நான் இல்லை என்று சொல்லியே அவர் அந்த நாட்டை விட்டு வெளியே வந்தார். பலெர்மோவுக்கு வந்த பிறகும் வீட்டுக்கு வெளியே சட்டையைக் கழற்றியதில்லை. ஞாயிறு பூசை முடிந்து எங்கள் ஆட்கள் மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போனால், மற்ற ஆண்கள் எல்லோரும் தண்ணீரில் நிற்க, அப்பா மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட சட்டையோடு மணலில் இருப்பார்.

அந்த வருடம் தோட்டத்தில் ஏணியில் ஏறி இறங்கிய பிறகு அவருடைய இடது கால் விறைக்கத் தொடங்கியிருந்தது. மருத்துவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எப்போது பட்டது?”

“எட்டு வருடம் இருக்கும்.”

“புதிய துண்டுகள்” என்றார். பிறகு, “கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் அறுவை மருத்துவரும் பார்ப்பார்” என்றார்.

அப்பா உடனே சம்மதிக்கவில்லை.

“நான் ஒருத்தருக்கும் முதுகு காட்டுறேல்லை பிள்ளை.”

“இஞ்சை ஆமிக்காரர் இல்லை அப்பா.”

“ஆமி ஆசுப்பத்திரி எண்டு நீதானே சொன்னனீ.”

“கிழட்டு ஆமிக்காரர் அப்பா. கட்டிலை விட்டு எழும்பேலாத ஆக்கள்.”

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஒருக்காக் காட்டிப்போட்டு வாங்கோவன். நீங்கள் படியிலை காலை இழுத்து இழுத்து ஏறுறதை எத்தினை நாளைக்கு நான் பாத்துக்கொண்டு இருக்கிறது?”

அடுத்த கிழமை அப்பா பூசைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். மருத்துவரின் அறையில் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு மருத்துவர் ஒரு கமராவைக் கொண்டுவந்து முதுகையும் படம் எடுத்தார்.

“இது ஏன் பிள்ளை?” என்று அப்பா தமிழில் கேட்டார். நான் மருத்துவரிடம் கேட்டேன். அறுவை மருத்துவருக்குக் காட்ட என்றார். அதை அப்படியே அப்பாவுக்குச் சொன்னேன். எப்படிக் காயம் பட்டது என்று மருத்துவர் கேட்டபோது, மண்ணெண்ணெய் வரிசையைப் பற்றிச் சொன்னேன். அப்பா தபால் கந்தோரில் இருந்ததையும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

அதன் பிறகு அறுவை மருத்துவரைப் பற்றிப் பேச்சே இல்லை. கேட்டால் அடுத்த கிழமை என்பார். பிறகு, ஆகஸ்டில் எல்லோரும் கடற்கரையில் இருப்பார்கள், செப்டெம்பரில் பார்ப்போம் என்றார்.

பயிற்சியின் கடைசி நாளில் ஆய்வைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. வேறு மருத்துவர்களும் சில இராணுவ அதிகாரிகளும் வந்திருந்தார்கள். நடக்க முடிந்த கிழவர்களைக் கோட் போட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். புரொஜெக்டரில் ஸ்லைட்களை மாற்றுவது என் வேலை. மருத்துவர் “அவாந்தி” என்றதும் நான் கையில் இருக்கிற கம்பிப் பொத்தானை அழுத்த வேண்டும். ஸ்லைட்களை அவரே அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

பாதிக் கூட்டம் நல்லபடியாகவே போனது. கிரேக்க மலைக் கிழவரின் தொடை திரையில் வந்தபோது கைதட்டினார்கள், அவர் எழுந்து குனிந்தார். “இப்போது, ஒப்பிட்டுப் பார்க்க, நம் காலத்துப் போர் ஒன்று. அவாந்தி” என்றார் மருத்துவர்.

அழுத்தினேன். அப்பாவின் முதுகு வந்தது. சுவர் முழுவதும் அப்பாவின் முதுகு. கழுத்தில் கிடந்த செபமாலைக் கயிறுகூடத் தெரிந்தது. கீழே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ஆசியக் கெரில்லாப் போராளி, வயது ஏறத்தாழ நாற்பத்தைந்து.

அவர் பேசிக்கொண்டே போனார். காட்டுப் போர் என்றார். கைக்குண்டாக இருக்கலாம் என்றார். பிறகு “அவாந்தி” என்றார்.

நான் அழுத்தவில்லை.

“அவாந்தி, சிஞ்ஞோரீனா.”

“இவர் போராளி இல்லை” என்றேன். இருட்டில் என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. “இவர் தபால் கந்தோரில் வேலை செய்தவர். மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்றபோது செல் விழுந்தது. இதை நான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.”

யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம் கேட்டது. “இதைப் பிறகு பேசலாம்” என்றார் மருத்துவர், சாந்தமாக. “அவாந்தி.”

பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கூட வேலை செய்த மாணவி எழுந்து வந்து, என் விரல்களை விரித்து அதை எடுத்து, அழுத்தினாள். அப்பா போய் அடுத்த படம் வந்தது.

கூட்டம் முடிந்ததும் நான் வாசலுக்கு ஓடினேன். கிரேக்க மலைக் கிழவர் தடியை ஊன்றி வந்து என் கையைப் பிடித்தார். “உன் அப்பாவா அது? தைரியமான மனிதர். நீ வெட்கப்படக் கூடாது. போராளியின் மகள் என்று பெருமைப்பட வேண்டும்” என்றார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது, நான் சொன்னதில் பாதி விழுந்திருக்காது. அன்புதான். அந்த அன்பை என்ன செய்வதென்று தெரியாமல் கையை இழுத்துக்கொண்டேன்.

மருத்துவரின் அறைக்குப் போனேன். அவருக்கு என் கோபம் விளங்கவே இல்லை.

“இது படைவீரர்களுக்கான மருத்துவமனை” என்றார். “வேறு யாரையும் பரிசோதிக்க எனக்கு அனுமதி இல்லை. போராளி என்று போட்டதால்தான் அவருக்கு எக்ஸ்ரே எடுக்க முடிந்தது. உங்களுக்கு உதவி செய்தேன்.”

“என்னிடம் கேட்டிருக்கலாம்.”

“ஒரு சொல்தானே, சிஞ்ஞோரீனா.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அப்பாவைக் கொழும்பில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். நாட்டில் தங்குவதற்கான பெர்மெசோவைப் புதுப்பிக்கக் கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் நிற்கிற ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் எங்கிருந்தாவது வந்துவிடுமோ என்று அவருக்கு வியர்க்கும். சாவடியில் நின்ற ஆமிக்காரன் சட்டையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னதையேதான் இவரும் சொல்லியிருக்கிறார். இவர் கையுறை போட்டுக்கொண்டு, மெதுவாகத் தொட்டு, ‘வலிக்கிறதா’ என்று கேட்டுவிட்டுச் சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. அவர் கேட்டு முடித்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

“எல்லாரும் பாத்தவையோ?”

“ஓம் அப்பா.”

“நாளைக்கு நான் உன்னோடை வாறன்.”

“பயிற்சி முடிஞ்சுது அப்பா. இனி அங்கை எனக்கு வேலை இல்லை.”

“எனக்கு இருக்கு.”

அம்மா பயந்தார். “வேண்டாம். அவங்கள் கெஸ்தூராவுக்குச் சொன்னால் என்ன செய்யிறது?” அப்பா எழுந்து போய்க் கையைக் கழுவினார். அவர் அவ்வளவு கோபமாக இருந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

மறுநாள் படிக்கட்டுக் கழுவுகிற உடுப்போடேயே வந்தார். மருத்துவர் உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தபோது கையால் நிறுத்திவிட்டு, சந்தையில் கற்ற இத்தாலியனில் தானே பேசினார்.

“நான் துப்பாக்கி தொட்டதில்லை. கடிதம் பிரித்தவன். என் படங்களைக் கொடுங்கள்.”

“அவை மருத்துவமனைக்குச் சொந்தமானவை.”

“முதுகு எனக்குச் சொந்தமானது.”

மருத்துவர் எங்கள் எல்லோருடைய நல்லதுக்குத்தான் என்று தொடங்கி நீளமாக ஏதோ சொன்னார். அப்பா காது கொடுக்கவில்லை. நடைபாதைக்குப் போய், கிழவர்கள் வெயில் காய உட்கார்கிற நீண்ட மர வாங்கில் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். ஒருவர் ஏன் வந்தாய் என்று கேட்டார். அப்பா உரத்த குரலில் சொல்லத் தொடங்கினார். இன்னொருவர் காதுக்குக் கை கொடுத்து, மறுபடி சொல்லச் சொன்னார். அப்பா மறுபடி இன்னும் உரக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தாதி ஒருத்தி ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். எக்ஸ்ரேயும் முதுகின் ஸ்லைடும் உள்ளே இருந்தன.

இலையுதிர் காலத்தில் நகரத்துப் பொது மருத்துவமனை ஒன்றில் ஒரு பெண் அறுவை மருத்துவர் அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தார். நரம்பை அழுத்திய துண்டை எடுத்துவிட்டார், மற்றவற்றைத் தொடவில்லை. விறைப்புக் குறைந்தது. ஏணியில் ஏற வேண்டாம் என்றார்கள், அப்பா அதற்குப் பிறகும் ஏறினார். ஆகவே முடிவு நல்லதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயிற்சிக்குப் போகாவிட்டால் அந்த எக்ஸ்ரே கிடைத்திருக்குமா என்றும் கேட்பார்கள். ஒரு மனிதனுக்குக் காலைக் கொடுக்கிறோம் என்று அவனுடைய பெயரை எடுத்துக்கொள்ளலாமா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

குளிர்காலத்தில் மருத்துவர் வடக்கே ஏதோ ஒரு நகரத்தில் அதே உரையைச் செய்தார் என்று பயிற்சியில் கூட இருந்த அந்த மாணவி சொன்னாள். ஸ்லைட்களில் கெரில்லாப் போராளியும் இருந்தாராம். ஸ்லைடுக்கு இன்னொரு பிரதி இருந்திருக்கிறது. எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அப்பாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவர் போய் அந்த வாங்கில் உட்காருவார் என்று தெரியும், இந்த முறை வெறுங்கையோடு வருவார் என்றும் தெரியும்.

அடுத்த கோடைக்கு முன்பு அவளே மறுபடி தொலைபேசியில் கூப்பிட்டாள். பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், மருத்துவர் உன்னைக் கேட்டார் என்றாள். “கிழவர்களோடு நீ நன்றாகப் பழகுவாயாம். போன வருடம் நடந்ததைப் பற்றி அவருக்கு உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை.”

“எனக்கு இருக்கிறது என்று சொல்” என்றேன்.

அவள் சிரித்தாள், பகிடி என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. நான் அதையே இன்னொரு முறை சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்தும்வரை காத்திருந்து, பிறகு தொலைபேசியை வைத்தேன்.